கழற்றும் பேட்டரியா, உள்ளே ஒட்டிய பேட்டரியா? அடுத்த கைபேசி வாங்குமுன் ஒரு கேள்வி

மலையருவி

வணக்கம். கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் நான்கு ஆண்டு உழைத்துவிட்டது. திரை, கேமரா, வேகம் எதிலும் குறை சொல்ல முடியாது. பேட்டரிதான் பாடாய்ப் படுத்துகிறது. 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும். ஒரு புகைப்படம் எடுத்தால் பொசுக்கென்று அணைந்துவிடும். சார்ஜரில் செருகியதும் மறுபடி 25 என்று காட்டும்.

என் வேலை நில அளவை. காலையில் கிளம்பினால் இருட்டும்வரை வெட்டவெளிதான். வரைபடம், ஜிபிஎஸ், புகைப்படம் என்று போன் ஓய்வில்லாமல் ஓடும். அடுத்து வாங்குவதில் பேட்டரியைக் கழற்றி மாற்றும் வசதி இருந்தால், கூடுதலாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். சாம்சங் கேலக்ஸி எக்ஸ்கவர் 7 பார்த்து வைத்திருக்கிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். வழக்கமான 5000 எம்ஏஎச் (பேட்டரிக் கொள்ளளவின் அலகு) போன் ஒன்றை வாங்கிவிட்டுப் போ என்கிறார்கள்.

விளம்பர வாசகங்கள் வேண்டாம். பயன்படுத்தியவர்களும் பிரித்துப் பார்த்தவர்களும் சொல்லுங்கள்.

சிறுபொறி

கழற்றும் பேட்டரி முடிந்துபோன கதை. 5000 எம்ஏஎச் போன் ஒன்று, பவர் பேங்க் ஒன்று, தீர்ந்தது. பேட்டரியைக் கழற்றினால் போன் அணையும், மாட்டியபின் மீண்டும் உயிர்பெறும்வரை காத்திருக்க வேண்டும், திறந்து வைத்திருந்த செயலிகள் எல்லாம் மூடிப்போகும். பவர் பேங்கைச் செருகினால் வேலை நிற்காது.

பழையபெட்டி

முடிந்துபோன கதை அல்ல தம்பி, முடித்துவைத்த கதை.

2007இல் ஐபோன் மூடிய உடம்போடு வந்தபோது மற்ற நிறுவனங்கள் அதைக் குறையாகவே சுட்டிக்காட்டின. எங்களுடையதில் பேட்டரியை நீங்களே மாற்றலாம் என்று பெருமை பேசி விற்றன. 2014இல் வந்த கேலக்ஸி எஸ்5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தால் திறக்கும் பின்மூடி, 2800 எம்ஏஎச் பேட்டரி, ஐபி67 நீர்த்தடுப்பு (ஐபி என்பது தூசியும் நீரும் புகாமைக்கான தர எண்), மெமரி கார்டு இடம். மறு ஆண்டு எஸ்6 வந்தது. பேட்டரி உள்ளே போனது, கொள்ளளவு 2550 ஆகக் குறைந்தது, நீர்த்தடுப்பு காணாமல் போனது, மெமரி கார்டும் போனது. மூடினால்தான் கொள்ளளவு கூடும், மூடினால்தான் தண்ணீர் புகாது என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? 8.1 மில்லிமீட்டர் தடிமன் 6.8 ஆனது, முதுகு கண்ணாடியானது. கைமாறாகக் கிடைத்தது அவ்வளவுதான்.

திருப்புளி

எண்கள் சரி. ஆனால் ஒரு ஜோடியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. அதற்கும் மறு ஆண்டு வந்த எஸ்7, பேட்டரியை உள்ளேயே வைத்துக்கொண்டு 3000 எம்ஏஎச், ஐபி68 இரண்டையும் தந்தது. எஸ்6 அழகுக்காகச் செய்த போன். அதைக் கொண்டு மொத்த வகையையும் எடைபோட வேண்டாம்.

பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டதால் விரிவாக எழுதுகிறேன். போன் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு.

உள்ளே ஒட்டப்படும் பேட்டரி என்பது மெல்லிய அலுமினியத் தாள் உறைக்குள் இருக்கும் செல், அதாவது மின்கலம். கையில் எடுத்தால் கொஞ்சம் வளையும். அதற்கென்று தனிக் கவசம் கிடையாது, போனின் உடம்புதான் கவசம். கழற்றும் பேட்டரியின் நிலை வேறு. மனிதர்கள் அதைப் பையில் போடுவார்கள், தரையில் தவறவிடுவார்கள், சாவிக்கொத்தோடு சேர்த்து வைப்பார்கள். எனவே அதற்கு உறுதியான கூடு வேண்டும். சாவி பட்டால் குறுக்குச்சுற்று ஆகாதபடி தொடுமுனைகளை உள்ளடக்கி அமைக்க வேண்டும். போனுக்குள் அது உட்கார ஒரு குழி, குழிக்குச் சுவர், மேலே மூடி, மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என்று இடத்தைத் தின்னும். அத்தனையும் மின்சாரம் சேமிக்காத இடம்.

எக்ஸ்கவர் 7 ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிமன், 240 கிராம் எடை. அதற்குள் 4050 எம்ஏஎச். மூடிய போன்கள் 8 மில்லிமீட்டர் சொச்சத்திலேயே 5000 தருகின்றன. எக்ஸ்கவரின் தடிமனில் அடிதாங்கும் உடம்புக்கும் பங்கு உண்டு, பழி முழுவதும் பேட்டரிக் குழிக்கு இல்லை. இருந்தாலும் நீங்கள் எதைக் கொடுத்து எதை வாங்குகிறீர்கள் என்பது இதில் தெரியும்.

அணுத்துகள்

மலையருவி சொன்ன 30 சதவீதக் கூத்துக்கு வருகிறேன். பலர் அதை மென்பொருள் கோளாறு என்று எண்ணிப் போனை முழுவதும் அழித்து மறுபடி அமைக்கிறார்கள். வீண் வேலை.

திரையில் காணும் சதவீதம் நேரடியாக அளந்த எண் அல்ல. மின்னழுத்தத்தையும் உள்ளே போய் வந்த மின்னோட்டத்தையும் வைத்துப் போன் கணிக்கும் எண். லித்தியம் அயனி செல் வயதாக ஆக இரண்டு விதமாகத் தேய்கிறது. ஒன்று, கொள்ளளவு குறைகிறது. இது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று, உள்மின்தடை ஏறுகிறது. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. வாய் குறுகிய குடம் போன்ற நிலை அது: உள்ளே நீர் இருக்கிறது, ஆனால் வேகமாக ஊற்ற வராது. கேமராவைத் திறக்கும்போது நுண்செயலியும் திரையும் ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் கேட்கின்றன, செல்லின் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. சுமை நீங்கியதும் மின்னழுத்தம் ஏறிவிடுவதால் மறுபடி 25 என்று காட்டுகிறது. குளிரில் இது இன்னும் மோசமாகும்.

ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 6 முதலான மாடல்களில் இப்படி அணைந்துபோவதைத் தடுக்கத்தான் நுண்செயலியின் வேகத்தை மென்பொருள் வழியாக மட்டுப்படுத்தியது. 2017 டிசம்பரில் அது வெளியே தெரிந்து பெரும் ரகளையானது; நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 2018 முழுவதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. ஐபோன் அமைப்புகளில் பேட்டரியின் ஆரோக்கியம் என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அது அதற்குப் பிறகு வந்ததுதான். புதுப் பேட்டரி போட்டதும் பழைய போன் வேகம் பெற்றதைப் பலரும் தாங்களே சோதித்துப் பார்த்தார்கள்.

ஆகவே மலையருவி, முதலில் இதைக் கேட்கிறேன்: மற்ற எதிலும் குறை இல்லை என்கிறீர்கள். இந்தப் போனிலேயே பேட்டரியை மாற்றினால் என்ன?

மலையருவி

யோசிக்காமல் இல்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்று ஓர் ஆண்டு ஆகிவிட்டது. வங்கிச் செயலி இப்போதே எச்சரிக்கை காட்டுகிறது. அதனால்தான் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது.

திருப்புளி

அப்படியானால் நீங்கள் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். மூடி திறக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், போனின் மென்பொருள் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்று பாருங்கள். 2023 அக்டோபரில் கூகுளின் பிக்சல் 8, 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24, இரண்டும் ஏழு ஆண்டு புதுப்பிப்பு அறிவித்து வந்தவை. ஏழு ஆண்டுக்கு எந்தப் பேட்டரியும் தாங்காது. நாளுக்கு ஒரு முழுச் சுழற்சி (முழு அளவு சார்ஜ் ஏறி இறங்குவது) என்று வைத்தால் ஆண்டுக்கு 365 சுழற்சி. 1000 சுழற்சியில் 80 சதவீதம் மிஞ்சும் நல்ல செல்லாக இருந்தாலும் மூன்றாம் ஆண்டுக் கடைசியில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். உங்களைப் போல வெயிலில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் முன்னால்.

அதாவது எந்தப் போனை வாங்கினாலும் இடையில் ஒரு முறையாவது பேட்டரியை மாற்றியே தீர வேண்டும். ‘கழற்றலாமா’ என்ற கேள்வி எல்லாப் போனுக்கும் உண்டு. யார் கழற்றுவது, எதைக் கொண்டு கழற்றுவது என்பதில்தான் வேறுபாடு.

சிறுபொறி

அதையேதான் நானும் சொல்கிறேன். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சர்வீஸ் சென்டருக்குப் போவது பெரிய சுமையா? அதற்காகத் தினமும் 240 கிராமைச் சட்டைப்பையில் சுமக்க வேண்டுமா?

மூன்றாம்பிறை

சுமைதான். என் தாயாரின் போனைப் பேட்டரி மாற்றக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை, எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது என்றார்கள். மூடிய பேட்டரி என்றால் பேட்டரியை மாற்றப் போனையே வேறொருவர் கையில் ஒப்படைக்கிறோம். புகைப்படங்கள், கடிதங்கள், வங்கிச் செயலி எல்லாம் அதில் இருக்கின்றன. இதை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

திருப்புளி

நியாயமான கேள்வி. கொடுப்பதற்கு முன் முழு நகல் எடுத்துவைப்பது முதல் வேலை. பிறகு, சாம்சங் போன்களில் பராமரிப்பு முறை, பிக்சலில் பழுதுபார்க்கும் முறை என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டுக் கொடுத்தால் பழுதுபார்ப்பவருக்குப் போன் வேலை செய்யும், உங்கள் கோப்புகள் தெரியாது. என்னிடம் வருகிறவர்களில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. கடவுச்சொல்லைச் சிறு தாளில் எழுதி, போனின் முதுகில் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பார்க்கும்போது எனக்கே பதறுகிறது.

கடலோடி

படகு வேலைக்காரன் நான். நீர்த்தடுப்பு பற்றி இருதரப்பும் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

கழற்றும் மூடியில் நீரைத் தடுப்பது சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். ஒரு முடி, ஒரு மணல்துகள் அதன்மேல் கிடந்தால் போதும், தடுப்பு போச்சு. மூடியை மூடியபின் நான்கு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். கைப்பழக்கம் வந்துவிட்டால் சிரமம் இல்லை, அவசரக்காரர்களுக்கு ஆகாது.

மூடிய போனில் நீரைத் தடுப்பது பிசின்பட்டை. தொழிற்சாலையில் ஒட்டியவரை பிரமாதம். பேட்டரி மாற்ற ஒருமுறை திறந்தால் அது கிழிந்துவிடும். புதுப் பட்டை ஒட்டி, முறையாக அழுத்தி வைத்துத் தராவிட்டால் ஐபி68 என்பது பெட்டிமேல் இருக்கும் எழுத்து மட்டுமே. எத்தனை பேர் புதுப் பட்டை ஒட்டுகிறார்கள் என்று திருப்புளியே சொல்லட்டும்.

உப்புநீர் தனிக்கதை. ஐபி சோதனை நன்னீரில் நடப்பது. கடலில் விழுந்தால் எந்த வகையாக இருந்தாலும் உடனே நன்னீரில் அலசுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகுதான் சார்ஜரில் செருக வேண்டும்.

திருப்புளி

ஒட்டுகிறவர்களும் உண்டு, ஒட்டாதவர்களும் உண்டு. கேட்டு வாங்குங்கள். “பிசின்பட்டை புதிதாகப் போடுவீர்களா?” என்று கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

சட்டமூலை

இன்னும் யாரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியைப் பற்றிப் பேசவில்லையே? 2027 பிப்ரவரி 18 முதல் பயனர் தானே கழற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று 2023/1542 எண் கொண்ட பேட்டரி ஒழுங்குமுறை சொல்கிறது.

பழையபெட்டி

ஆகா! அப்படியானால் பொறுத்திருந்து வாங்குங்கள் மலையருவி. எல்லாப் போனிலும் பழைய மூடி திரும்பி வரப்போகிறது.

சட்டமூலை

அவசரப்படாதீர்கள் ஐயா, நான் முடிக்கவில்லை. ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும் தனியாக ஒரு சூழல்வடிவமைப்பு ஒழுங்குமுறை இருக்கிறது, எண் 2023/1670. அது 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் உற்பத்தியாளருக்கு இரண்டு வழி. ஒன்று, சாதாரணக் கருவிகளைக் கொண்டு பயனரே பேட்டரியை மாற்றும்படி வடிவமைப்பது. மற்றது, பேட்டரி 500 முழுச் சுழற்சிக்குப் பிறகு குறைந்தது 83 சதவீதமும், 1000 சுழற்சிக்குப் பிறகு குறைந்தது 80 சதவீதமும் கொள்ளளவு காக்க வேண்டும். போன் தூசி புகாமலும் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும்படியும் இருக்க வேண்டும். இந்த இரண்டாம் வழியில் போனால் பேட்டரி மாற்றுவதைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடலாம்.

நல்ல பேட்டரியும் நல்ல நீர்த்தடுப்பும் உள்ள விலையுயர்ந்த போன்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல ஜோதிடம் தேவையில்லை. மூடி திரும்பி வந்தாலும் மலிவான வகைகளில்தான் வரக்கூடும் என்பது என் ஊகம்.

அதே ஒழுங்குமுறையில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: ஒரு மாடலின் விற்பனை நின்றபின்னும் ஏழு ஆண்டு உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும்.

பழையபெட்டி

சட்டத்தில் எப்போதும் ஒரு கொல்லைப்புறக் கதவு வைத்துவிடுகிறார்கள்.

சரி, மூடியின் அருமைக்கு இரண்டு வரலாறு சொல்கிறேன். 2007இல் நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரியில் சிக்கல் வந்தது. ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியா எச்சரித்தது. மக்கள் என்ன செய்தார்கள்? மூடியைத் திறந்தார்கள், பேட்டரியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தார்கள், பட்டியலில் இருந்தால் மாற்றுப் பேட்டரி வாங்கிக்கொண்டார்கள். போன் அவர்கள் கையிலேயே இருந்தது.

2016இல் கேலக்ஸி நோட் 7. பேட்டரிக் குறை, தீப்பிடிப்பு. செப்டம்பர் தொடக்கத்தில் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மாற்றித் தந்த போன்களும் தீப்பிடித்தன. அக்டோபரில் அந்த மாடலையே கைவிட்டார்கள். இரண்டு நிறுவனங்கள் தந்த பேட்டரிகளிலும் வெவ்வேறு குறை இருந்தது என்று 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். பேட்டரியில் மட்டும் இருந்த குறைக்காக நல்ல திரை, நல்ல கேமரா, எழுதுகோல் எல்லாம் சேர்ந்து மக்கள் கையைவிட்டுப் போயின.

எண்ணிக்கையைப் பாருங்கள். பேட்டரிச் சிக்கல் எதில் பெரியது, நட்டம் எதில் பெரியது?

அணுத்துகள்

நல்ல ஒப்பீடு. ஆனால் பிஎல்-5சி 1000 எம்ஏஎச் அளவிலான, கெட்டிக் கூட்டில் அடைத்த செல். நோட் 7இல் இருந்தது 3500 எம்ஏஎச், இடமே இல்லாமல் நெருக்கி அடைத்தது. நெருக்கியதால்தான் செல்லின் மூலையில் அழுத்தம் வந்தது. கழற்றும் வடிவத்தில் குழியும் கூடும் இருந்திருந்தால் அந்த அளவுக்கு நெருக்கியிருக்க முடியாது என்பது உங்கள் வாதத்துக்கு இன்னும் வலு சேர்க்கும்.

சிறுபொறி

வரலாறு போதும். மலையருவி கேட்டது நாள் முழுக்க எப்படி ஓட்டுவது என்று. கணக்குப் போடுவோம். 10000 எம்ஏஎச் பவர் பேங்க், 3.7 வோல்ட்டில் 37 வாட் மணி (சேமித்த ஆற்றலின் அளவு). 5000 எம்ஏஎச் போன் சுமார் 19 வாட் மணி. மாற்றத்தில் இழப்பு போனாலும் ஒரு முழுச் சார்ஜும், அதற்குமேல் கொஞ்சமும் நிச்சயம். கூடுதல் பேட்டரி ஒன்று 4050 எம்ஏஎச், சுமார் 15 வாட் மணி. எது அதிகம்?

அணுத்துகள்

எண்ணில் பவர் பேங்க் அதிகம்தான். ஆனால் இடத்தை மறந்துவிட்டீர்கள். அவர் வெட்டவெளியில் நிற்கிறார்.

லித்தியம் அயனி செல்லைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் ஏற்றலாம். மின்சாரம் எடுப்பதற்கு 60 டிகிரி வரை இடம் கொடுப்பார்கள். நேரடி வெயில், ஜிபிஎஸ் ஓடுகிறது, திரையின் ஒளி உச்சத்தில். போன் ஏற்கெனவே சூடாக இருக்கிறது. அப்போது பவர் பேங்கைச் செருகினால் சார்ஜ் ஏறும் சூடும் சேரும். போன் முதலில் சார்ஜ் வேகத்தைக் குறைக்கும், பிறகு ஏற்றவே மறுக்கும், சில நேரம் திரையையும் மங்கவைக்கும். பவர் பேங்கில் எத்தனை வாட் மணி இருந்து என்ன, அது உள்ளே ஏறப்போவதில்லையே.

கூடுதல் பேட்டரியில் இந்தச் சிக்கல் இல்லை. அது இரவில் நிழலில் ஏற்றியது. பையில் குளிர்ச்சியாகக் கிடக்கிறது. சூடானதைக் கழற்றிவிட்டு இதை மாட்டலாம். இவருடைய வேலைக்குக் கழற்றும் பேட்டரியை நான் ஆதரிப்பதற்கு இது ஒன்றே காரணம். அலுவலகத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் சிறுபொறியின் பக்கம் நின்றிருப்பேன்.

சிறுபொறி

வெயிலை நான் நினைக்கவில்லை. சரி, அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். மீதி இடத்தில் இல்லை!

நெய்தல்நிலா

இடையில் நுழைகிறேன். போனை உண்மையாகவே அணைக்க வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றுவதுதான் ஒரே வழி என்கிறார்களே? ஒட்டுக்கேட்பு பயம்.

திருப்புளி

பேட்டரி வெளியே இருந்தால் போன் உறுதியாக அணைந்திருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அஞ்சி போன் தேர்ந்தெடுக்கும் நிலையில் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? உறைந்துபோன போனை மீட்க முன்பு பேட்டரியைக் கழற்றுவார்கள். இப்போது ஆற்றல் பொத்தானையும் ஒலியளவுப் பொத்தானையும் சேர்த்துச் சில வினாடி அழுத்தினால் அதே வேலை நடக்கிறது.

நெறியாளர்

ஒட்டுக்கேட்பு பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்கவும். இங்கே பேட்டரி.

திருப்புளி

மலையருவிக்கு ஒரு எச்சரிக்கை. பழையபெட்டி ஐயாவுக்கு இது பிடிக்காது.

கழற்றும் பேட்டரியின் பெரிய பகை மூடிய போன் அல்ல, போலிப் பேட்டரி. நீங்களே மாற்றலாம் என்றால் நீங்களே வாங்க வேண்டும். இணையத்தில் தேடினால் மலிவாக நூறு கிடைக்கும். 4050 இருக்க வேண்டிய அதே அளவுக் கூட்டில் 6000 என்று அச்சிட்டிருக்கும். அதே பருமனில் அத்தனை கூடுதலை அடைக்க மந்திரம் தெரிந்திருக்க வேண்டும். கையில் எடுத்தால் அசலைவிட எடை குறைவாக இருக்கும்.

எடைகூடப் பரவாயில்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நல்ல பேட்டரியில் வெப்பத்தை உணரும் சிறு பாகம் ஒன்று இருக்கும், அதற்கென்று தனித் தொடுமுனை உண்டு. போன் அதன் வழியாகத்தான் செல் சூடாகிறதா என்று அறிந்து சார்ஜை நிறுத்துகிறது. சில போலிகளில் அந்த இடத்தில் ஒரு சாதாரண மின்தடையைப் பற்றவைத்திருப்பார்கள். செல் கொதித்தாலும் போனுக்கு எப்போதும் 25 டிகிரி என்றே செய்தி போகும். அணுத்துகள் சொன்ன 45 டிகிரிக் காவல் அங்கே செத்துப்போகிறது. வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது பழைய சரக்கு. லித்தியம் செல் பயன்படுத்தாவிட்டாலும் வயதாகும். கைவிடப்பட்ட மாடலுக்கு உறை பிரிக்காத அசல் பேட்டரி கிடைத்தது என்று மகிழ்ந்து வருவார்கள். தயாரித்த தேதியைப் பார்த்தால் ஆறு ஆண்டுக்கு முந்தையது. முழுக் காலி நிலைக்கு இறங்கிக் கிடந்ததாக இருந்தால் அதை ஏற்ற முயல்வதே ஆபத்து. எனவே கூடுதல் பேட்டரியைப் போன் வாங்கும்போதே, நிறுவனத்தின் நேரடி விற்பனையில் வாங்குங்கள். மூன்றாம் ஆண்டில் தேவைப்படுவதை இப்போதே வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள்; அப்போதும் கிடைக்குமா என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.

பழையபெட்டி

பிடிக்காமல் என்ன, உண்மைதானே. என் அலமாரியில் இருக்கும் எல்ஜி வி20க்கு நல்ல பேட்டரி தேடித் தேடிக் களைத்துவிட்டேன். போன் இன்னும் பளபளப்பாக இருக்கிறது, உணவுதான் இல்லை.

கடலோடி

இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றையும் சொல்லிவிடுங்கள். எல்லாம் மூடியும் பிசினும் மட்டுமா?

திருப்புளி

இல்லை. ஃபேர்போன் 5, 2023இல் வந்தது; 4200 எம்ஏஎச் பேட்டரியைக் கையால் கழற்றலாம், நீர்த்தடுப்பு ஐபி55 மட்டுமே. படகில் ஆகாது. 2025இல் வந்த அதன் அடுத்த தலைமுறையில் பேட்டரியைத் திருகுகளால் பிணைத்திருக்கிறார்கள். நகத்தால் முடியாது, திருப்புளி போதும். என் பெயருக்கு மரியாதை.

மூடிய போன்களிலும் வேறுபாடு இருக்கிறது. சிலவற்றில் பேட்டரிக்கு அடியில் இழுத்தால் நீண்டு கழன்றுவரும் பட்டை இருக்கும், அரைமணி வேலை. 2024இல் வந்த ஐபோன் 16இல் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் பிடியை விடும் பசை போட்டிருக்கிறார்கள். சிலவற்றிலோ நேரடியாகப் பசை பூசி அறைந்திருப்பார்கள். தூக்கும்போது தாள் உறை மடங்கும், கிழிந்தால் தீ. அப்படிப்பட்ட போனை வீட்டில் கத்தியும் காணொளியும் வைத்துக்கொண்டு திறக்காதீர்கள். திறக்கத்தான் போகிறேன் என்கிறவர்கள் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டாவது திறக்கவும்.

சாம்சங்கோ ஆப்பிளோ, வாங்கும் முன் அந்த மாடலைப் பிரிக்கும் காணொளி ஒன்றைப் பாருங்கள். பேட்டரியை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், மீதியை ஓட்டிவிடலாம்.

மலையருவி

அனைவருக்கும் நன்றி. வெயில் பற்றி அணுத்துகள் சொன்னதுதான் எனக்கு முடிவைக் கொடுத்தது. மதியம் பவர் பேங்க் செருகியும் சதவீதம் அசையாமல் நிற்பதை நான் கேபிள் கோளாறு என்று நினைத்துக் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். எக்ஸ்கவர் 7ஐயும் அசல் கூடுதல் பேட்டரி ஒன்றையும் எடுக்கப்போகிறேன். வீட்டில் துணைவிக்கு அடுத்த மாதம் மாற்ற வேண்டியிருக்கிறது. அவருக்கு ஏழு ஆண்டு புதுப்பிப்பு உள்ள மூடிய போன்தான். அவர் பேட்டரியைத் தொடவே மாட்டார்.

இரண்டு சின்னக் கேள்விகள். கூடுதல் பேட்டரியை விடுமுறை நாட்களில் எப்படி வைப்பது? என் பழைய போனின் முதுகு லேசாக உயர்ந்திருக்கிறது, அதை என்ன செய்வது?

அணுத்துகள்

முதல் கேள்விக்கு: நீண்ட நாள் சும்மா இருக்கும் என்றால் பாதியளவு சார்ஜில், வெயில் படாத இடத்தில். முழுதாக ஏற்றி வைத்தாலும் முழுதாகக் காலியாக வைத்தாலும் கெடும். இரண்டு பேட்டரியையும் மாறி மாறிப் பயன்படுத்துங்கள். ஒன்றை மட்டும் சேமித்து வைத்தால் அது வேலை செய்யாமலே கிழடாகும். விமானத்தில் போனால் கூடுதல் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. தொடுமுனைகள் எதிலும் படாதபடி உறையில் இருக்கட்டும்.

திருப்புளி

இரண்டாவது கேள்விக்கு: இன்றே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்துங்கள். முதுகு உயர்ந்திருக்கிறது என்றால் செல்லுக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. அழுத்தி உட்காரவைக்க முயலாதீர்கள், ஊசி போட்டு வாயுவை வெளியேற்றலாம் என்று எவராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள். தேவையான கோப்புகளை உடனே நகலெடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். தீப்பிடிக்கும் பொருள் அருகில் இல்லாத இடத்தில், தரையில் வையுங்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் “பேட்டரி உப்பியிருக்கிறது” என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் குவியலில் போட்டால் நசுக்கும் இயந்திரத்தில் அது வெடிக்கும். வீட்டுக் குப்பையில் போடவே கூடாது.

எக்ஸ்கவர் கைக்கு வந்ததும் மூடியின் ரப்பர் வளையத்தை ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அது எங்கே பிசகியிருக்கிறது என்று ஒப்பிட உதவும்.

பழையபெட்டி

யாரிடமாவது வி20க்கு நல்ல பேட்டரி இருந்தால் தனிச்செய்தி அனுப்பவும். தயாரித்த தேதியோடு.